20 நாள் இத்தாலி, தனி ஆளு, கையில 5000 வெள்ளி

தங்கச்சி, நீ கேட்டதைச் சுருக்கி எழுதுறேன், மத்தவங்களுக்கும் புரியட்டும். பாலிடெக்னிக் முடிச்சாச்சு, பார்ட்டைம் வேலையில சேர்த்த 5000 சிங்கப்பூர் வெள்ளி இருக்கு, வேலைக்குச் சேருறதுக்கு முன்னாடி மார்ச் மாசம் 20 நாள் இத்தாலியில ஒத்தையா பையை மாட்டிக்கிட்டு சுத்தணும், சிங்கப்பூர் பாஸ்போர்ட், செவ்வாய் வெள்ளி சைவம், மிலான், கோமோ, வெரோனா, வெனிஸ், பொலோன்யா, ஃபுளோரன்ஸ், பீசா, ரோம், நேப்பிள்ஸ்னு ஒம்பது ஊரு லிஸ்ட், 5000-ஐ 20-ஆல வகுத்தா ஒரு நாளைக்கு 250 வெள்ளி வருதே, போதுமாக்கா?

போதும். மிச்சம்கூட வரும். ஆனா அந்த வகுத்தல் இருக்கு பாரு, அதை மொதல்ல அழிச்சிடு. 5000-ல பாதிக்குப் பக்கம் நீ சாங்கி ஏர்போர்ட்டுல ஏறுறதுக்கு முன்னாடியே போயிடும், பிளைட்டு, இன்சூரன்ஸ், முன்கூட்டி வாங்குற ரயில் டிக்கெட், ஹாஸ்டலுக்குக் கட்டுற காசுன்னு. அங்க இறங்கினப்புறம் கையில இருந்து எடுத்துச் செலவு பண்றது அந்த 250-ல மூணுல ஒரு பங்குகூட வராது. மனசுல 250-ன்னு ஒரு நம்பர் உக்காந்துட்டா முதல் வாரம் ராணி மாதிரி சாப்பிட்டுட்டு, மூணாவது வாரம் ரோட்டுல நின்னு பேங்க் ஆப்பைப் பார்த்துக்கிட்டு இருப்பே.

பட்ஜெட் எங்க உடையுதுன்னா, சாப்பாட்டுல இல்ல, மியூசியத்துலயும் இல்ல, மூட்டையைக் கட்டி ஊர் மாத்துற நாள்லதான். அந்த ஒரு நாளைக் கொஞ்சம் பிரிச்சுப் பாரு. ஹாஸ்டல்ல காலையில 10, 11 மணிக்கு வெளிய போகச் சொல்லிடுவாங்க, அடுத்த ஊர்ல ரூம் தர்றது 2, 3 மணிக்கு மேல. நடுவுல பை எங்கயாவது வெக்கணும், அதுக்குக் காசு. ரயில் ஒரு 20, 25 யூரோ. இந்த ஊர் ஸ்டேஷனுக்குப் போக ஒரு பஸ் டிக்கெட், அந்த ஊர் ஸ்டேஷன்ல இருந்து ஹாஸ்டலுக்கு ஒண்ணு. நேத்து சூப்பர்மார்க்கெட்ல வாங்கி ஃபிரிட்ஜ்ல வெச்ச பாதி பாலு, தக்காளி, சீஸ் எல்லாம் அங்கேயே விட்டுட்டு வரணும். மதியமும் ராத்திரியும் வெளிய சாப்பாடு, அதுவும் புது ஊர்ல எது நல்ல கடைன்னு தெரியாம ஸ்டேஷன் பக்கத்துல இருக்குற கடையில, அதான் ஊர்லயே சுமாரான கடையா இருக்கும் ஆனா விலை மட்டும் அதிகமா இருக்கும். எல்லாம் கூட்டினா 45, 50 யூரோ, நம்ம காசுக்கு 70 வெள்ளிக்கு மேல. நாலு பேரா போனா டாக்சி, லாக்கர் எல்லாம் பங்கு போட்டுக்கலாம், தனி ஆளுக்கு அந்த வசதி கிடையாது. ஒம்பது ஊருன்னா எட்டு தடவை மாத்துறே, 560 வெள்ளிக்கு மேல போயிடுது, கூடவே எட்டு அரை நாளும் போச்சு. இதுல ஒரு ஓவியமும் பார்க்கல, ஒரு நல்ல பீட்சாவும் சாப்பிடல.

(கணக்கு எல்லாத்துலயும் 1 யூரோன்னா 1.50 வெள்ளின்னு போட்டிருக்கேன். நீ போறப்ப கொஞ்சம் முன்ன பின்ன இருக்கலாம், மேல வெச்சுக் கணக்குப் போட்டா ஒண்ணும் கெட்டுப் போகாது.)

அதனால வேணுங்கிற ஊரையெல்லாம் பாரு, ஆனா ஒவ்வொரு ஊர்லயும் தங்காதே. நாலே நாலு இடத்துல படு. என்னைக் கேட்டா பொலோன்யா, ரோம், நேப்பிள்ஸ், பலெர்மோ. சிசிலித் தீவுல இருக்குற பலெர்மோ உன் லிஸ்ட்ல இல்ல, தெரியும், ஏன் சேர்த்தேன்னு கீழ சொல்றேன்.

பொலோன்யாவை நெறைய பேரு ரயில் மாறுற ஊராத்தான் பார்க்குறாங்க. இத்தாலியோட வடக்குல முக்கியமான ரயில் பாதை நெறைய அங்கதான் வந்து சேருது, அதுதான் உனக்கு வேணும். பையை ஹாஸ்டல்லயே விட்டுட்டு காலையில ஒரு சின்னப் பை மட்டும் எடுத்துக்கிட்டுக் கிளம்பலாம்: வெரோனா ஒன்றரை மணி நேரம், வெனிஸ் சாதா ரயில்ல ரெண்டு மணி நேரம், ஃபுளோரன்ஸ் வேக ரயில்ல 40 நிமிஷத்துக்குள்ள, ராவென்னா ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. ராவென்னாவும் உன் லிஸ்ட்ல இல்ல, ஆனா அந்த 5ஆம், 6ஆம் நூற்றாண்டு மொசைக் சுவரெல்லாம் பார்த்தா பீசா கோபுரத்தை விட்டுட்டமேன்னு கவலையே வராது. பீசாவுக்குப் போயி கோபுரத்தைக் கையால தாங்குற மாதிரி ஃபோட்டோ எடுக்குறதுதான் திட்டம்னா, அதுக்கு ஒரு முழு நாளும் 30 யூரோவும் அதிகம்னு நான் சொல்லுவேன், உன் இஷ்டம்.

ஒரு எச்சரிக்கை. பொலோன்யா கண்காட்சி ஊரு. மார்ச்ல காஸ்மோப்ரோஃப்னு அழகுசாதனக் கண்காட்சி, மார்ச் கடைசி ஏப்ரல் வாக்குல குழந்தைகள் புத்தகக் கண்காட்சி, இது நடக்குற நாள்ல ஊர்ல படுக்கையே கிடைக்காது, கிடைச்சாலும் ரெண்டு மடங்கு. தேதியைப் பார்த்துட்டு அதுக்கு முன்னாடியோ பின்னாடியோ வெச்சுக்கோ.

வெனிஸ்ல தங்காம பொலோன்யால இருந்து போயிட்டு வர்றதுல இன்னொரு சமாச்சாரம். ஒரு நாள் மட்டும் வந்துட்டுப் போறவங்ககிட்ட வெனிஸ் நகராட்சி 2024-ல இருந்து நுழைவுக் கட்டணம் வாங்குது, முன்னாடியே பதிஞ்சா 5 யூரோ, கடைசி நேரத்துல 10. ஆனா அது இதுவரைக்கும் ஏப்ரல்ல இருந்து ஜூலைக்குள்ள சில நாளுக்கு மட்டும்தான், நீ மார்ச்ல போறதால தப்பிச்சே. அங்க படகு பஸ் ஒரு தடவை ஏறினா 9.50 யூரோ, அதுல ஏறவே தேவையில்ல, ஸ்டேஷன்ல இருந்து சான் மார்க்கோ சதுக்கம் வரைக்கும் நடந்தே போயிடலாம், வழி தொலைஞ்சாலும் பரவாயில்ல, தொலையுறதுக்குத்தான் அந்த ஊரு. கோண்டோலா ஆசையா இருந்தா பெரிய கால்வாயை இந்தக் கரையில இருந்து அந்தக் கரைக்குக் கடக்க த்ரகெத்தோன்னு ஒரு படகு ஓடுது, கிட்டத்தட்ட கோண்டோலா மாதிரியே இருக்கும், 2 யூரோ. ரெண்டு நிமிஷம்தான், ஆனா ஃபோட்டோவுல யாருக்குத் தெரியப் போகுது.

இப்ப ரயில். இதுல ரெண்டு ஜாதி இருக்கு, அதைப் புரிஞ்சுக்கிட்டா பாதிப் பிரச்சினை தீர்ந்துச்சு. ஃப்ரெச்சாரோஸ்ஸா, இதாலோ மாதிரி வேக ரயிலுக்கு விலை பிளைட் டிக்கெட் மாதிரி ஏறி இறங்கும், ரெண்டு மூணு மாசம் முன்னாடி வாங்கினா 20, 30 யூரோவுக்குக் கிடைக்குற பொலோன்யா–ரோம் சீட்டு கடைசி நாள்ல ரெண்டு மடங்குக்கு மேல போயிடும். விலை கம்மியான டிக்கெட்டை மாத்தவும் முடியாது, காசும் திரும்ப வராது. ரெஜியோனாலேன்னு சொல்ற சாதா ரயிலுக்கு விலை தூரத்தை வெச்சு, எப்ப வாங்கினாலும் அதேதான், சீட் நம்பர் கிடையாது. அதனால ஊர் மாத்துற பெரிய பயணத்துக்கு வேக ரயில் டிக்கெட்டை இங்க இருக்கும்போதே வாங்கிடு, பகல்ல போயிட்டு வர்ற ஊருக்கெல்லாம் சாதா ரயில், அன்னைக்குக் காலையில வானத்தைப் பார்த்துட்டு வாங்கினா போதும். மழை பேஞ்சா வெனிஸை நாளைக்குத் தள்ளிப் போடலாம், இந்தச் சுதந்திரத்துக்கு ஒரு காசும் கூடக் கிடையாது. சாதா ரயிலுக்குக் காகித டிக்கெட் வாங்கினா ஏறுறதுக்கு முன்னாடி ஸ்டேஷன்ல இருக்குற சின்ன மெஷின்ல முத்திரை குத்தணும், குத்தாம ஏறினா டிக்கெட் இருந்தும் அபராதம் உண்டு, சிங்கப்பூர் எம்ஆர்டி மெட்ரோ மாதிரி கேட் இல்லாததால நம்ம ஆளுங்க இதை மறந்துடுவாங்க. ரோம்ல இருந்து நேப்பிள்ஸுக்கும் சாதா ரயில்ல 15 யூரோக்குள்ள போயிடலாம், மூணு மணி நேரத்துக்குள்ள.

ஸ்ட்ரைக் பத்தியும் தெரிஞ்சுக்கோ. இத்தாலியில ரயில் ஸ்ட்ரைக் அடிக்கடி வரும், ஆனா சொல்லிட்டுத்தான் பண்ணுவாங்க, ஷோப்பெரோன்னு ஸ்டேஷன்ல ஒட்டியிருப்பாங்க. வேலை நாள்ல காலை 6-ல இருந்து 9 வரைக்கும், சாயங்காலம் 6-ல இருந்து 9 வரைக்கும் சாதா ரயில் ஓடியே ஆகணும்னு ஏற்பாடு இருக்கு. அன்னைக்குன்னு பார்த்து ஊர் மாத்துற நாளா இருந்தா இந்த நேரத்துல கிளம்பிடு.

பலெர்மோ ஏன்னு சொல்றேன்னேன் இல்ல, மூணு காரணம். முதல் காரணம் கணக்கு. நேப்பிள்ஸ்ல இருந்து பலெர்மோவுக்கு ராத்திரிக் கப்பல் இருக்கு, சாயங்காலம் ஏறினா காலையில இறங்கிடலாம். திரும்பி ரோமுக்கு வர ராத்திரி ரயில், அந்த ரயில் மெஸ்ஸினா ஜலசந்திக்கு வந்ததும் பெட்டியெல்லாம் பிரிச்சு அப்படியே கப்பலுக்குள்ள தள்ளி ஏத்தி அந்தப் பக்கம் கொண்டு போய் இறக்குறாங்க, நீ எழுந்து மேல் தளத்துக்குப் போயி கடலைப் பார்த்துட்டு திரும்ப வந்து படுத்துக்கலாம். ரெண்டு ராத்திரி ஹாஸ்டல் காசு மிச்சம், பயணச் செலவுக்குள்ளயே படுக்கையும் வந்துடுது. படுக்கை உள்ள டிக்கெட்டே எடு, சீட்டுல உக்காந்துட்டு வந்தா மறுநாள் முழுக்கத் தூங்கி அந்த மிச்சத்தைத் தொலைச்சிடுவே.

ரெண்டாவது, தெற்கு இத்தாலி மலிவு. வடக்குல ஹாஸ்டல் படுக்கை 35, 40 யூரோன்னா தெற்குல 22, 25-க்குக் கிடைக்கும், சாப்பாடும் அப்படித்தான். பயணத்தோட கடைசி வாரம் மலிவான ஊர்ல இருக்குற மாதிரி வெச்சுக்குறது புத்திசாலித்தனம், ஏன்னா முன்னாடி எங்கயாவது கணக்கு தப்பாப் போயிருந்தாலும் அங்க சரி பண்ணிக்கலாம்.

மூணாவது, பலெர்மோவுல இலங்கைத் தமிழர்கள் நெறைய பேரு இருக்காங்க, யுத்த காலத்துல இருந்தே போய்க் குடியேறினவங்க. ஊருக்குப் பக்கத்துல மோன்தே பெல்லெக்ரீனோ மலையில சாந்தா ரொசாலியாங்கிற புனிதரோட குகைக் கோயில் இருக்கு, அந்தப் புனிதரைக் கும்பிட கிறிஸ்துவத் தமிழரும் மலையேறிப் போவாங்க, இந்துத் தமிழரும் போவாங்க. ஞாயித்துக்கிழமை அந்த மலைப் பாதையில நடந்தா தமிழ்ப் பேச்சு காதுல விழும். பல்லாரோ சந்தைப் பக்கம் தமிழ்க் கடையும் இருக்கு, ரெண்டு வாரமா ரொட்டியும் சீஸும் சாப்பிட்ட நாக்குக்கு அது எப்படி இருக்கும்னு நான் சொல்லணுமா. அங்கேயே தெருவுல பனெல்லேன்னு விக்கிறாங்க, கடலை மாவைக் கிண்டி ஆறவெச்சு வில்லை போட்டு எண்ணெயில பொரிச்சு பன்னுக்குள்ள வெச்சுத் தருவாங்க, நம்ம பஜ்ஜிக்கு உள்ள காய் இல்லாம இருந்தா எப்படியோ அப்படி. மூணு யூரோதான். சுத்த சைவம், உன் செவ்வாய்க்கிழமை அங்க வர்ற மாதிரிப் பார்த்துக்கோ.

சைவம்னு வந்ததால சாப்பாடு. ஒரு நாளைக்கு 25 யூரோ போட்டுக்கோ, இது கஞ்சத்தனமும் இல்ல ஆடம்பரமும் இல்ல. காலையில பார்ல (அங்க காப்பிக் கடைக்கு அதான் பேரு) நின்னுக்கிட்டே காப்பியும் கொர்னெத்தோன்னு குரோசான் மாதிரி ஒரு ரொட்டியும், 3 யூரோக்குள்ள முடிஞ்சுடும். அதே காப்பியை உக்காந்து குடிச்சா விலை வேற, சுற்றுலா சதுக்கமா இருந்தா மூணு நாலு மடங்கு, சுவர்ல ரெண்டு விலையும் போட்டிருப்பாங்க, ஏமாத்துறாங்கன்னு சண்டைக்குப் போகாதே, அது அவங்க முறை. மதியம் எடை போட்டு வெட்டித் தர்ற பீட்சா, கை அளவைக் காட்டினா அந்த அளவுக்கு வெட்டுவாங்க. ராத்திரி ஒரு நாள் சமையல், ஒரு நாள் வெளிய. வெளிய உக்காந்து சாப்பிட்டா கோப்பெர்தோன்னு ஆளுக்கு 1-ல இருந்து 3 யூரோ வரைக்கும் பில்லுல வரும், மேசைக்கும் ரொட்டிக்கும் சேர்த்து வாங்குறது. டிப்ஸ் வெக்கணும்னு கட்டாயம் இல்ல. நேப்பிள்ஸ்ல நல்ல மார்கெரீத்தா பீட்சா 6, 7 யூரோவுக்கே கிடைக்குது, அதனால அந்த ஊர்ல சமைக்கிறேன்னு உக்காந்துடாதே, பாவம்.

சைவத்துல ஒளிஞ்சிருக்குறதைப் பார்த்துக்கோ. ரொமாஞ்ஞா பக்கம், அதாவது ராவென்னா பக்கம், பியதினான்னு ஒரு ரொட்டி, பாரம்பரியமா பன்னிக் கொழுப்பு சேர்த்துத்தான் பிசைவாங்க, ஸ்த்ருத்தோ (அந்தக் கொழுப்போட பேரு) இருக்கான்னு கேட்டு வாங்கு, எண்ணெயில பண்றதும் உண்டு. பார்மிஜானோ சீஸ்ல பாலைத் திரிய வைக்க கன்னுக்குட்டி வயித்துல இருந்து எடுக்குற ரென்னெட் இருக்கு, அந்த அளவுக்குப் பார்ப்பேன்னா மரினாரா பீட்சா கேளு, வெறும் தக்காளி, பூண்டு, ஓரெகானோதான், சீஸே கிடையாது, பெரும்பாலும் அதுதான் லிஸ்ட்லயே மலிவும்.

சமைக்கணும்னா கோனாட், கூப், லிடில், யூரோஸ்பின்னு சூப்பர்மார்க்கெட் இருக்கு, எங்க வேணா வாங்கு. பழத்தை வெறும் கையால தொட்டா முறைப்பாங்க, பிளாஸ்டிக் கையுறை தொங்கும், போட்டுக்கிட்டு எடுத்து நீயே எடை போட்டு ஸ்டிக்கர் ஒட்டணும். ரோம்ல தேர்மினி ஸ்டேஷனுக்குப் பக்கத்துல எஸ்குயிலீனோ சந்தைன்னு ஒண்ணு இருக்கு, பங்ளாதேஷ், இந்திய, ஆப்பிரிக்கக் கடையெல்லாம் உள்ள, அரிசி பருப்பு மசாலா எல்லாம் கிடைக்கும், தேக்கா மார்க்கெட்டைவிட்டு வந்த ஏக்கம் கொஞ்சம் தீரும். ஊர்ல இருந்து நீ எடுத்துட்டுப் போக வேண்டியது ஒரு சின்ன டப்பா இட்லிப் பொடியும் நாலு பாக்கெட் கப் நூடுல்ஸும் மட்டும்தான். அம்மா ரைஸ் குக்கர் எடுத்துட்டுப் போன்னு சொன்னா கேக்காதே. தண்ணிக்குக் காசு கொடுக்கவே கூடாது, ரோம்ல மட்டும் நசோனேன்னு சொல்ற தெருக்குழாய் 2500 இருக்கு, இருபத்து நாலு மணி நேரமும் குளிர்ச்சியா ஓடிக்கிட்டே இருக்கும், குடிக்கலாம், பாட்டில் மட்டும் கொண்டு போ.

படுக்கை. தனியாப் போறவங்களுக்கு ஹாஸ்டல்தான், ஹோட்டல் ரூம்னா ரெண்டு பேருக்கான விலையை ஒருத்தரே கட்டணும். பெண்களுக்கு மட்டும்னு இருக்குற ரூமுக்கு 3, 4 யூரோ அதிகமா வரும், அந்தக் காசை யோசிக்காம கொடு. அதே மாதிரி ராத்திரி பத்து மணிக்கு மேல புது ஊர்ல இறங்குற மாதிரி மலிவு டிக்கெட் எடுக்காதே, மிச்சம் பிடிச்ச 10 யூரோ டாக்சிக்கே போயிடும், போகாம நடந்தா பயம் வேற. ஹாஸ்டல் தேர்ந்தெடுக்கும்போது விலையை மட்டும் பார்க்காம சமையலறை இருக்கா, ஸ்டேஷன்ல இருந்து நடந்து போற தூரமான்னு பாரு, 5 யூரோ மலிவுன்னு ஊருக்கு வெளிய இருக்குறதை எடுத்தா தினமும் பஸ்ஸுக்கு அந்த 5 யூரோ போயிடும். பூட்டு ஒண்ணு, துண்டு ஒண்ணு சொந்தமா கொண்டு போ, ரெண்டுக்குமே வாடகை கேக்குற இடம் உண்டு. பிளக் நம்ம மூணு முள்ளு அங்க போகாது, அடாப்டர் வேணும். ஆன்லைன்ல நீ பார்க்குற விலையில நகராட்சி வரி பெரும்பாலும் சேர்ந்திருக்காது, ஒரு ராத்திரிக்கு இவ்வளவுன்னு அங்க போய்த் தனியா கட்டணும், ஊருக்கு ஊரு மாறும், ஹாஸ்டலுக்கு 2-ல இருந்து 4 யூரோன்னு வெச்சுக்கோ. இது சின்னதா தெரியும், 18 ராத்திரிக்குக் கூட்டிப் பாரு.

மியூசியம் டிக்கெட்ல ஒரு ஏமாற்றம் முன்னாடியே சொல்லிடுறேன். 18-ல இருந்து 25 வயசு வரைக்கும் அரசாங்க மியூசியத்துல 2 யூரோன்னு போர்டுல போட்டிருக்கும், அது ஐரோப்பிய ஒன்றியத்துக்காரங்களுக்கு, நம்ம ஸ்டூடண்ட் கார்டைக் காட்டினா சிரிச்சுட்டு முழு விலை கேப்பாங்க. கொலோசியம் 18 யூரோ, ஃபுளோரன்ஸ்ல உஃபீத்சி ஓவிய மியூசியம் 25 பக்கம், வத்திக்கான் மியூசியம் ஆன்லைன் பதிவோட 25 பக்கம், ரோம்ல இருக்குற பழைய கோயில் பாந்தியோன் 2023-ல இருந்து 5 யூரோ. ஆனா ஒவ்வொரு மாசமும் முதல் ஞாயித்துக்கிழமை அரசாங்க மியூசியம், தொல்லியல் இடம் எல்லாம் இலவசம், கொலோசியமும், நேப்பிள்ஸ் பக்கத்துல எரிமலைச் சாம்பல்ல புதைஞ்ச பழைய ஊரான பொம்பெயியும், உஃபீத்சியும் அதுல சேர்த்தி. வத்திக்கானுக்கு மாசத்தோட கடைசி ஞாயிறு, காலையில மட்டும். கூட்டம் தேர்த் திருவிழா கணக்கா இருக்கும்கிறதால நான் ஒரே ஒரு இடத்துக்குத்தான் இதைப் பயன்படுத்தச் சொல்லுவேன், பொம்பெயி மாதிரி பரந்த இடமா இருந்தா கூட்டம் தெரியாது.

இலவசமா வருஷம் முழுக்க இருக்குறதைத்தான் ஆளுங்க விட்டுடுறாங்க. ரோம்ல சான் லூயிஜி தெய் ஃப்ரான்செசி தேவாலயத்துல கராவாஜியோ வரைஞ்ச மூணு பெரிய ஓவியம், சாந்தா மரியா தெல் பொப்போலோவுல இன்னும் ரெண்டு, சான் பியெத்ரோ இன் வின்கோலில மைக்கேலாஞ்சலோ செதுக்கின மோசஸ், எதுக்கும் டிக்கெட் கிடையாது, உள்ள இருட்டா இருக்கும், பெட்டியில காசு போட்டா கொஞ்ச நேரம் விளக்கு எரியும், யாராவது போடுற வரைக்கும் காத்திருந்தாலும் சரி. தோள், முட்டி மூடியிருக்கணும், பையில ஒரு ஷால் வெச்சுக்கோ. மதியம் நெறைய தேவாலயம் மூடிடும், காலையிலயே போ.

காசு எடுக்குறது பத்தி நீ கேக்கல, ஆனா இதுல போற காசு அதிகம். வெளிநாட்டுக் காசுல செலவு பண்ற யூட்ரிப், வைஸ் மாதிரி கார்டு ரெண்டு வெச்சுக்கோ, ஒண்ணு பையில, ஒண்ணு உடம்போட. கார்டு மெஷின் சிங்கப்பூர் டாலர்லயா யூரோவுலயான்னு கேட்டா எப்பவும் யூரோ, டாலர்னு அமுக்கினா அந்த மாத்து விலையில ஒரு பங்கு அவங்களுக்குப் போயிடும். பேங்க் வாசல்ல இருக்குற ஏடிஎம்ல எடு, நினைவுப் பொருள் கடைக்கு நடுவுல தனியா நிக்குற ஏடிஎம் பக்கம் போகாதே. கையில ஒரு 200 யூரோ இங்கயே முஸ்தபா பக்கத்துலயோ ராஃபிள்ஸ் பிளேஸ்லயோ மாத்திட்டுப் போனா போதும், அங்க கடைக்காரங்க கார்டு வாங்கியே ஆகணும்னு சட்டம் இருக்கு, ஆனா நகராட்சி வரியை நெறைய ஹாஸ்டல் ரொக்கமாத்தான் கேக்கும். ரோம்ல 64-ஆம் நம்பர் பஸ்ல பிக்பாக்கெட் பிரசித்தம், தேர்மினியிலயும்தான், ஃபோனைப் பின் பாக்கெட்ல வெக்காதே.

இப்ப மொத்தம். பிளைட் 1200, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் மிலானுக்கும் ரோமுக்கும் நேராப் போகுது, வளைகுடா வழியா ஒரு தடவை மாறிப் போனா விலை கம்மியா கிடைக்கலாம், எதுவா இருந்தாலும் மிலான்ல இறங்கி ரோம்ல இருந்து ஏறுற மாதிரி எடு, அதே ஊருக்குத் திரும்பி வர்ற செலவு இல்ல. இன்சூரன்ஸ் 100. ராத்திரி 20-ல பொலோன்யா 6, ரோம் 4, நேப்பிள்ஸ் 3, கப்பல் 1, பலெர்மோ 4, ரயில் 1, கடைசியா ரோம்ல 1. கடைசி ராத்திரி ரோம்ல இருக்கணும், ராத்திரி ரயில்ல இருந்து இறங்கி நேரா ஏர்போர்ட் போறேன்னு திட்டம் போடாதே, ரயில் லேட்டானா 1200 போச்சு. ஆக படுக்கைக்குக் காசு 18 ராத்திரிக்குத்தான், சராசரி 32 யூரோன்னா 870 வெள்ளி. ரயில், கப்பல், பகல் பயணம் எல்லாம் சேர்த்து 300 யூரோ, 450 வெள்ளி. ஊருக்குள்ள பஸ், மெட்ரோ, ஏர்போர்ட் 90. ரோம் ஏர்போர்ட்டுக்கு லியோனார்தோ எக்ஸ்பிரஸ் 14 யூரோ, அதே ஏர்போர்ட்டுக்கு திபுர்தீனா ஸ்டேஷன்ல இருந்து சாதா ரயில் 8 யூரோதான். சாப்பாடு 750. டிக்கெட் 225. நகராட்சி வரி 90. ஃபோன் டேட்டாவுக்கு இசிம் 30. துணி துவைக்க, ஸ்டேஷன் கழிப்பறைக்கு, லாக்கருக்கு 90. கூட்டினா 3895. மேல 500 வெள்ளி தொடாத காசு, தனிக் கணக்குல போட்டு வை, ஃபோன் உடைஞ்சா, காய்ச்சல் வந்தா, ரயில் போச்சுன்னா அதுக்கு. அப்பவும் 600 கையில நிக்குது, வேலையில முதல் சம்பளம் வர்ற வரைக்கும் அது வேணும் லா, அங்க செருப்புக் கடையில விட்டுட்டு வராதே.

குளிர் உடுப்புக்குத் தனியா போடல, மார்ச்ல பொலோன்யா காலையில 5, 6 டிகிரி இருக்கும், பலெர்மோ போறதுக்குள்ள ஒரு ஜாக்கெட் அதிகம்னு தோணும், அக்கா அண்ணன்கிட்ட கடன் வாங்கிக்கோ.

விசாவைப் பொறுத்தவரைக்கும் உனக்குத் தொல்லை இல்ல, 180 நாள்ல 90 நாள் வரைக்கும் சிங்கப்பூர் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டாம். அக்டோபர் 2025-ல இருந்து எல்லையில கைரேகையும் முகமும் பதிவு பண்றாங்க, முதல் தடவை வரிசை நீளமா இருக்கும், இறங்கின உடனே ரயில் பிடிக்கிற மாதிரி டிக்கெட் வாங்காதே. எட்டியாஸ்னு 20 யூரோ அனுமதி ஒண்ணு வரப்போகுது, போறதுக்கு முன்னாடி ஐரோப்பிய ஒன்றியத்தோட சொந்த வெப்சைட்ல மட்டும் பாரு, அதே பேர்ல போலி வெப்சைட் நெறைய இருக்கு. உன் கூட படிச்ச இந்திய பாஸ்போர்ட் வெச்சிருக்குற, சிங்கப்பூர்ல பிஆர் (நிரந்தரவாசி) தோழியும் வரலாம்னு சொன்னே, அவளுக்கு ஷெங்கன் விசா (ஐரோப்பாவுல பல நாட்டுக்கும் பொதுவான விசா) கண்டிப்பா வேணும், 90 யூரோ கட்டணம், மேல விசா மையத்துக்கான சேவைக் கட்டணம், குறைஞ்சது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு. ஆறு மாசம் முன்னாடியே விண்ணப்பிக்கலாம், அப்பாயின்ட்மென்ட் கிடைக்கிறதுதான் கஷ்டம். விசா வர்ற வரைக்கும் அவ ரத்து பண்ணக்கூடிய படுக்கையா பதியட்டும், காசு திரும்ப வராத ரயில் டிக்கெட்டைத் தொடவே கூடாது. ரெண்டு பேரா போறீங்கன்னா நேப்பிள்ஸ்லயும் பலெர்மோவுலயும் தனி ரூம் விலை கிட்டத்தட்ட ரெண்டு ஹாஸ்டல் படுக்கை விலைக்கே வந்துடும், அந்த ரெண்டு ஊருக்கு மட்டும் அப்படிப் பார்த்துக்கலாம்.

வாங்குற வரிசை: மொதல்ல பொலோன்யா கண்காட்சித் தேதியும் மாசத்தோட முதல் ஞாயிறும் பார்த்துட்டு பிளைட்டு, அப்புறம் ஹாஸ்டல், ரோம் பொலோன்யா ரெண்டும் முதல்ல, தெற்கு பிறகு. வேக ரயில், ராத்திரி ரயில், கப்பல் மூணும் ஜனவரிக்குள்ள. கொலோசியமும் உஃபீத்சியும் போறதுக்கு ரெண்டு மூணு வாரம் முன்னாடி. மத்ததெல்லாம் அங்க போய்ப் பார்த்துக்கலாம்.